பொருள்: முட்டக்கண்ணி

கணவர் இறந்த பிறகு அக்கா முதன்முறையாக வேலைக்கு வந்த மதியம் அது. சோதனை அறையில் நாங்கள் இருவர்தான். சன்னல் கிடையாது. ஏசியின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாடை. யாரும் இலவசமாக எடுத்தாளும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்களின் வேகத்தை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. உலகம் முழுக்க ஒரே அளவுகோல்: ஒரு பொய்க் கடை, பொய் வாடிக்கையாளர்கள். அவர்கள் ஆர்டர் போடுவார்கள், சரக்கு போய்ச் சேரும். சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவோம். பெயர்கள்கூட எழுத்துகளைக் குலுக்கிப் போட்டவை, வாயில் நுழையாது.

அதனால்தான் அந்த வரி கண்ணில் பட்டது.

வாங்குபவர்: கரடி. பொருள்: முட்டக்கண்ணி. அளவு: ஒன்று. நிலை: பதிவானது.

அக்கா திரையருகே குனிந்தாள். "நான் அவரைக் கரடின்னுவேன். அவர் என்னை முட்டக்கண்ணிம்பாரு. வேற யாருக்கும் தெரியாதுடா."

"குறும்புக்கு எழுதி வெச்சிருப்பாருக்கா. இந்த டெஸ்டை செட் பண்ணதே அவர்தானே."

பேய் என்றால் சிரிக்கிறவன் நான். எல்லாவற்றையும் அழித்தேன். அன்றுதான் பெட்டி பிரித்த, அவர் கை படாத மெஷினில், வேறு டேட்டாபேஸை ஓடவிட்டேன்.

அதே வரி.

நிலை: வழியில்.

ஏசி சட்டென்று நின்றது. இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள்.

"அவர் நடைடா," அக்கா கிசுகிசுத்தாள். "சுண்டெலி ஸ்கூல் விட்டு வந்துடுவா. நான் வீட்டுக்குப் போகணும்."

சுண்டெலி அவள் மகள். அந்தப் பிள்ளைக்கு இனி அக்காவை விட்டால் நாதியில்லை. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

நிலை: சேர்ந்தது.

திரும்பினேன். அக்கா நாற்காலியில்தான் இருந்தாள், அந்தப் பெரிய கண்கள் திறந்தபடி. மூச்சில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

வேலையை விட்டேன். சுண்டெலியை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். அம்மாவைக் கேட்டு அழுவாள். எனக்கும் அழுகை வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். இன்று காலை படம் வரைய என் லேப்டாப்பைத் திறந்தாள். அதில் டேட்டாபேஸ் எதுவுமே இல்லை.

"மாமா, இதுல என் பேரு இருக்கு!"

வாங்குபவர்: முட்டக்கண்ணி. பொருள்: சுண்டெலி. அளவு: ஒன்று.

நிலையைப் படிக்குமுன் லேப்டாப்பைப் பிடுங்கி மூடினேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பூட்டியிருந்த வாசல் கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா வந்தாச்சு."