காற்று புளித்துப்போன செய்தி

அன்று காலை பவளக்கொடி எழுந்து சமையலறைக்குப் போனபோது காற்று புளித்துப்போயிருந்தது.

செவ்வாயில் குடித்தனம் நடத்துகிறவர்கள் ராத்திரி படுக்கப் போகும் முன் காற்றை ஊற வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். அகலமான தட்டுகளில் காற்றுப்பாசியைப் பரப்பி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, விளக்கைப் போட்டு மூடிவிட்டால் போதும். விடிவதற்குள் பாசி நுரைத்துப் பொங்கி, வீடு முழுவதும் மூச்சு விடத்தக்க காற்றைக் கொடுத்துவிடும். அதிலிருந்து கொஞ்சம் உறை எடுத்து வைத்துக்கொண்டால் மறுநாளைக்கு ஆயிற்று. உறை கெட்டுப்போனால் அக்கம்பக்கத்தில் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பவளக்கொடிக்கு அக்கம்பக்கம் கிடையாது. அவள் கணவன் தண்டபாணி, நிலத்துக்கடியில் பனிக்கட்டி தோண்டும் இயந்திரத்துக்குக் காவல். அந்த இயந்திரம் செந்நகரிலிருந்து வெகுதூரம் தள்ளிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒற்றை வீடு. வெளியே புழுதிப்புயல் அடித்துக்கொண்டிருந்தது. கூரையில் இருந்த வெயில் தகடுகள் மங்கி, தட்டுகளுக்கு மேலிருந்த விளக்கு அழுது வடிந்தது. பாசி புளித்ததற்கு அதுதான் காரணம். எடுத்து வைத்திருந்த உறையாவது மிஞ்சியிருக்கலாம். ஆனால் வளைகாப்புக்குச் சீர் கொண்டுவந்த அவள் அண்ணன் ரத்தினவேலு புயலில் மாட்டி இங்கேயே தங்கிவிட்டார். மூன்று பேர் மூச்சுக்காக இருந்த உறையையும் சேர்த்து ஊற வைக்கவேண்டி வந்தது.

"என்னுங்க, கொஞ்சம் வந்து பாருங்க. புளிச்ச வாடை அடிக்குது" என்றாள் பவளக்கொடி.

தண்டபாணி தட்டின் மேல் குனிந்து முகர்ந்தான். பிறகு சுவரோரம் இருந்த அவசரக் காற்று உருளைகளைப் பார்த்தான். அவை சில நாட்கள் தாங்கும். அதற்குள் செந்நகரிலிருந்து ஒரு டப்பா உறை வந்து சேர்ந்தால் மூன்று பேரும் பிழைப்பார்கள், வயிற்றில் இருப்பதும் பிழைக்கும். மீட்புத்துறையின் சங்கிலிச் சக்கர வண்டிகள் எந்தப் புயலிலும் வரும். அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் வந்தது சிக்கல். எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் செவிமணி பதித்திருந்தது. நினைத்த மாத்திரத்தில் செய்தி போகும், கண்ணுக்குள்ளேயே பதில் தெரியும். ஆனால் மின்னேறிய புழுதி வானத்தை அடைத்துக்கொண்டால் செவிமணி வெறும் மணிதான். இதில் ரொம்பவும் நொந்துபோனவர் ரத்தினவேலு. தினமும் காலையில் பூப்படம் போட்டு உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வணக்கம் அனுப்பினால்தான் அவருக்குக் காப்பியே இறங்கும். புயல் வந்த நாளிலிருந்து மனிதர் மந்திரித்துவிட்டவர் மாதிரி வளைய வந்துகொண்டிருந்தார்.

கூடத்துச் சுவரில் முதல் குடியேறிகள் விட்டுப்போன கம்பிப் போன் ஒன்று தொங்கியது. தண்டபாணி அதை எடுத்துக் காதில் வைத்தான். ஆச்சரியம், உயிர் இருந்தது. மீட்புத்துறையின் எண்ணைச் சுழற்றினான்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்" என்றது ஒரு பெண் குரல். தொடர்ந்து நாதசுரம் வாசித்தது. மத்தியானம் வரை வாசித்தது. மீட்புத்துறையில் போனை எடுத்துப் பேசும் மனிதர்களை வீட்டுக்கு அனுப்பி இரண்டு தலைமுறை ஆகிறது. அந்தப் பெண் குரலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"பேச்சக் கேக்க அங்க ஆளு இல்ல பவளம். எழுத்தும் படமுமா அனுப்புனா படிக்கறதுக்கு மிஷின் இருக்கும்" என்றான் தண்டபாணி.

இதற்கும் ஒரு வழி இருந்தது. செப்புக் கம்பி ஒரு ஜோடி இருந்தால் அதில் இரண்டு காரியம் செய்யலாம் என்று பழைய காலத்து மனிதர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பேச்சு கம்பியில் தாழ்ந்த அதிர்வில் போகும், தரவு அதற்கு வெகு மேலே உயர்ந்த அதிர்வில் போகும். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு வடிகட்டி மாட்ட வேண்டும். அவசரப் பெட்டியின் அடியில் ஒரு மோடமும் கைநிறைய வடிகட்டிகளும் கிடந்தன. யாரோ புண்ணியவான் போட்டு வைத்திருந்தான்.

தண்டபாணி கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்த முனைகளைச் சுரண்டி, மோடத்தை இணைத்தான். கூடத்துப் போனுக்கு வடிகட்டி மாட்டினான். படுக்கையறையிலிருந்த கிளைப் போனுக்கு ஒன்று, சமையலறையிலிருந்ததற்கு ஒன்று. பவளக்கொடி விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவள் கைநிறைய வளைகாப்பு வளையல்கள் குலுங்கின.

மோடத்தின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை.

"எங்கியோ இன்னொரு கிளை இருக்கு. வடிகட்டி இல்லாம கம்பிய கலக்கிக்கிட்டு கிடக்குது."

வீட்டைப் புரட்டிப்போட்டார்கள். கடைசியில் பவளக்கொடிதான் கண்டுபிடித்தாள். கழிப்பறைச் சுவர்த் தகட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிப் போன், உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் உயரத்தில் பதிந்திருந்தது. முதல் குடியேறி ஆயிரம் சங்கடங்களுக்கு நடுவே செவ்வாய்க்கு வந்து வீடு கட்டியபோதும் இதை மட்டும் மறக்கவில்லை.

"நல்ல மனுசன்" என்றார் ரத்தினவேலு, மனமார.

அந்தக் கிளையைத் துண்டித்ததும் விளக்கு பச்சையாகி நிலைத்து நின்றது. மூவரின் செவிமணிகளும் மோடத்தைப் பற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் சிலிர்த்தன. பவளக்கொடி கணவனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

மீட்புத்துறை வெறும் எழுத்தை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டது. பொய் விண்ணப்பங்களால் நொந்துபோய், நடமாடும் படம் இருந்தால்தான் வண்டியைக் கிளப்பும். தண்டபாணி புளித்த தட்டுகளையும் உருளைகளையும் மனைவியின் வயிற்றையும் படமெடுத்து அனுப்பினான். படம் மேலே ஏறத் தொடங்கியது. எறும்பு மாதிரி ஊர்ந்தது.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கம்பிமுறையை வகுத்தவர்கள் மனிதர்களை நன்றாக அளந்து பார்த்துத்தான் வகுத்தார்கள். மனிதனுக்குப் பார்க்க வேண்டியது மலையளவு, சொல்ல இருப்பது கடுகளவு. ஆகவே ஊரிலிருந்து வீட்டுக்கு வரும் கீழ்வழியை அகலமாகவும், வீட்டிலிருந்து ஊருக்குப் போகும் மேல்வழியை ஒற்றையடிப் பாதையாகவும் அமைத்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள போயிரும்" என்றான் தண்டபாணி.

ரத்தினவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. ஆபீசுக்கு அனுப்பறது அனுப்பறதுதானுங்க. ஆனா உள்ள ஆளு இல்லாம எந்தக் காரியம் நடந்திருக்குது? நம்ம பெரியம்மா மருமகன் நடராசு மீட்புத்துறைலதான இருக்கறாப்டி? குடும்பக் குழுவுல ஒரு வார்த்தை போட்டு வெச்சா அவரு காதுக்குப் போயிரும்."

தண்டபாணி யோசித்தான். அவனுக்கே இந்த வேலை ஒரு சித்தப்பா சொல்லிக் கிடைத்ததுதான். ஆள் தெரிந்தால் வேலை நடக்கும் என்பது அவன் ரத்தத்திலேயே ஊறிய விஷயம். கிரகம் விட்டுக் கிரகம் வந்தும் அது வடியவில்லை.

"எழுத்துத்தானே, சுருக்கா போயிரும். போடுங்க மச்சான்."

வார்த்தைகளைப் பவளக்கொடியே சொன்னாள். "எங்க வீட்டுக் காத்து புளிச்சுப் போச்சு. உறையும் இல்ல. வயித்துப் புள்ளையோட இருக்கறேன். யாராச்சும் ஒரு கரண்டி உறை கொண்டாந்து குடுங்க."

செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது. அடுத்த கணமே சிந்தாமணி அத்தையிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. பிறகு பெரியப்பாவிடமிருந்து, கொழுந்தனாரிடமிருந்து, பெயர் தெரியாத ஒன்றுவிட்ட அண்ணிகளிடமிருந்து. விளக்குகள், கண்ணீர் முகங்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சாமி படங்கள்.

"பாத்தீங்களா, நம்மள யாரும் மறக்கலீங்க" என்று பவளக்கொடி அழுதாள். அழுததில் சந்தோஷம் இருந்தது.

"அத்தை, நெசமாத்தான் சொல்றேன். யாராச்சும் மீட்புத்துறைக்கு நேர்ல போய்ச் சொல்லுங்க" என்று திரும்ப எழுதினாள்.

"தெரியும் கண்ணு. அதான் எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்பி வெச்சிருக்கறேன். மீட்புத்துறைக்கும் அனுப்பச் சொல்லிருக்கறேன். எல்லாரும் அனுப்பறாங்க" என்று அத்தை பதில் போட்டாள்.

அத்தை பொய் சொல்லவில்லை. எல்லோரும் அனுப்பினார்கள். செந்நகரில் அன்றைக்குப் பாதிப் பேர் புயலுக்குப் பயந்து வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்நியர்களும் கை கூப்பத் தொடங்கினார்கள். கீழ்வழி அகலமானதால் அத்தனையும் தங்குதடையின்றி வந்து இறங்கின. ஆனால் இறங்கும் ஒவ்வொன்றுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று மோடம் மேலே ஒரு சிறு சீட்டு அனுப்பியாக வேண்டும். கம்பியின் ஒழுங்கு அப்படி. அந்தச் சீட்டுகள் ஒற்றையடிப் பாதையை அடைத்துக்கொண்டு ஏறின. அவற்றுக்குப் பின்னால் தண்டபாணியின் படம் முக்கால்வாசி ஏறிய நிலையில் நகராமல் நின்றது.

"மச்சான், அந்தக் குழுவ விட்டு வெளிய வாங்க. கை கூப்பிக் கூப்பியே நம்மளக் கொன்னுருவாங்க."

குடும்பக் குழுவிலிருந்து வெளியேறுவதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, குடும்பத்தில்தான் இல்லை. ரத்தினவேலு கண்ணை மூடிக்கொண்டு வெளியேறினார். உடனே அத்தை மறுபடியும் சேர்த்துவிட்டாள். "லைன் சரியில்லாம விழுந்துட்டியாட்டம் இருக்குது சாமி, பத்தரமா இரு" என்று ஒரு கைகூப்பலையும் சேர்த்து வைத்தாள்.

இருட்டும் நேரத்தில் எப்படியோ முண்டியடித்துப் படம் போய்ச் சேர்ந்தது. மீட்புத்துறையின் பதில் உடனே வந்துவிட்டது. அந்த இயந்திரத்தைச் சோம்பேறி என்று யாரும் குறை சொல்ல முடியாது.

"தங்கள் செய்தி இன்று ஆயிரக்கணக்கானோரிடமிருந்து இதே விவரத்துடன் ஏற்கெனவே பெறப்பட்டு, வதந்தி என வகைப்படுத்தப்பட்டுள்ளது. தங்களுடையது அதன் நகல் எனக் கருதி நீக்கப்பட்டது. பகிரும் முன் சிந்திப்பீர்."

தண்டபாணி அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாம் தடவை மனைவிக்குப் படித்துக் காட்டினான். பிறகு நடராசுவிடமிருந்து குழுவில் ஒரு செய்தி விழுந்தது. ரத்தினவேலு ஆவலாகத் திறந்தார்.

"ஆபீஸ்ல விசாரிச்சேன். பொய்யான செய்தியாம். இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு நானும் எல்லாருக்கும் அனுப்பறேன்."

"அட நாசமாப் போக. நாந்தான் கெடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார் ரத்தினவேலு.

"நானுந்தான் போடச் சொன்னேன் மச்சான்" என்றான் தண்டபாணி.

அவன் புதிதாக வேறொரு படம் எடுத்து அனுப்பிப் பார்த்தான். அது சீட்டுகளின் நெரிசலில் முதல் அடியிலேயே நின்றது. குழுவை அடைத்தால் அந்நியர்கள் வந்தார்கள், அந்நியர்களை அடைத்தால் வேறு அந்நியர்கள் வந்தார்கள். மோடத்தைப் பிடுங்கி மறுபடி மாட்டினால் அதுவரை காத்திருந்த அனுதாபமெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. பவளக்கொடி கூடத்துப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அவள் அழைப்பு மிகவும் முக்கியம் என்றது பெண் குரல். நாதசுரம் சுத்தமாகக் கேட்டது, துளி இரைச்சல் இல்லை. தண்டபாணி மாட்டிய வடிகட்டிகள் அத்தனை நன்றாக வேலை செய்தன.

அடுத்து வந்த நாட்களில் அவர்கள் அதிகம் நடமாடவில்லை. பேசினால் காற்று செலவாகும் என்று பேச்சையும் குறைத்துக்கொண்டார்கள். பவளக்கொடி மட்டும் ஒவ்வொரு நாளும் புளித்த பாசியையே கழுவிக் கழுவித் தட்டில் பரப்பி, ஊற வைத்து, மூடி வைத்தாள். காலையில் மூடியைத் திறந்தால் அதே வாடைதான் வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரள்வது குறைந்துவிட்டதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. புயல் குறைவதாகத் தெரியவில்லை.

கடைசி உருளையைத் திறந்த அன்று தண்டபாணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ரத்தினவேலு பாயில் மல்லாந்து கிடந்தார். காற்றின் கனம் குறைந்ததில் அவருக்குத் தலை கிறுகிறுத்தது, பேச்சுக் குழறியது. ஆனால் கண் மட்டும் ஓயாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பவளக்கொடிக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. திடீரென்று அவர் கண் கலங்கியது.

"அய்யோ, பாவமே" என்றார்.

"என்னுங்ணா?"

"வடக்க எங்கியோ ஒரு பெரும்பள்ளமாம். ஒரு குடும்பம் தவிக்குதாம். அஞ்சு பேரு. அந்தப் புள்ள வயித்துல ரெட்டைக் கொழந்தையாம்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி படித்தார். "வீட்டுக் காத்து புளிச்சுப் போச்சாம். ஒரு கரண்டி உறைக்கு வழியில்லையாம். நம்ம கஷ்டமே தேவலாம் பவளம்."

பவளக்கொடி அவரையே பார்த்தாள். சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று சும்மா இருந்துவிட்டாள்.

"யாருங்ணா அவங்க?"

"யாரோ, தெரியலம்மா. மனசு கேக்கல." ரத்தினவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் அனுப்பி வெச்சிட்டேன்."