தடமில்லாத ஆள்

அன்று காலை இருதயராஜ் ஈரோட்டுக் கல்லூரி மாணவியாக இருந்தார். மத்தியானம் மீன் வாங்கும்போது ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. எந்த வலைத்தளத்துக்குள் போனாலும் அவருடைய உருமறைப்பான் புதிதாக ஓர் ஆளை ஜோடித்து அனுப்பிவிடும். தூத்துக்குடியில் எல்லோரிடமும் அந்தக் கருவி இருந்தது. ஆனால் மற்றவர்கள் அதைப் பாதிக் காப்பில் வைத்துக்கொண்டு, வங்கிக்கும் பள்ளிக்கும் மட்டும் சொந்த முகத்தைக் காட்டினார்கள். முழுக் காப்பில் போட்டால் தளங்கள் நொண்டியடிக்கும், பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது. இருதயராஜ் அதற்கெல்லாம் அசருகிறவரா? பெற்ற தாயே வலைத்தளம் நடத்தினாலும் நம்பமாட்டார்.

ஒன்றுதான் அவரை உறுத்தியது. மாணவியாகப் போனாலும் அதிகாரியாகப் போனாலும் திரையோரத்தில் அதே விளம்பரம்: பார்வை மங்கியவர்களுக்கான பேசும் கடிகாரம்.

"எவனோ நம்மள வேவு பாக்கான்," என்று முணுமுணுத்தார்.

அவர் மனைவி ரெஜினா சுவரைத் தடவியபடி வந்து உட்கார்ந்தாள். விழித்திரையை வளர்த்துப் பொருத்தும் ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. முறை வந்தால் தளத்தில் தெரியும். அன்றைக்கே ஒப்புதல் தர வேண்டும்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்காவது சொந்தப் பேர்ல போங்களேன். இப்பல்லாம் உங்க மொகமே எனக்குக் கலங்கலாத்தான் தெரியுது."

அது அவரைச் சுட்டது. அறைக்குள் போய், யாரும் ஒட்டுக்கேட்காதபடி கதவைச் சாத்தினார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, பல வருஷங்களுக்குப் பிறகு காப்பை இறக்கினார்.

திரையில் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி வந்தாள்.

"வாங்க இருதயராஜ் சார். உங்க வீட்டம்மா முறை மூணு தடவ வந்து போயிடுச்சு."

"தெனமும் வந்து பாத்தேனே!"

"தெரியும் சார். தடமே இல்லாம வர்ற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். எந்த வேஷத்துல வந்தாலும் உடனே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"அறியாமைச் சட்டம் சார். மறைஞ்சு வர்றவங்கள அடையாளம் கண்டுக்கிட்டதா காட்டினா எங்க உரிமம் போயிடும்."

அந்தச் சட்டம் வேண்டுமென்று கொடி பிடித்துத் தெருவில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

"இனிமே எப்ப?"

"வரிசைல கடைசில சேத்திருக்கோம். அதுவரைக்கும் கண் நரம்பு தாங்குமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

அவள் மறைந்ததும் ஓரத்தில் கடிகாரம் மறுபடி முளைத்தது. ஆஸ்பத்திரி சட்டத்துக்குப் பயந்தது. கடிகாரம் விற்கிறவன் எந்தச் சட்டத்துக்கும் பயப்படவில்லை.

வெளியே வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ரெஜினா.

"முறை இன்னும் வரலியாம்."

அவள் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மொகம் தெரியலன்னா, நீங்க பொய் சொல்றதுமா தெரியாது? எத்தன தடவ வந்து போச்சு?"