வீடில்லாத நிழல்கள்

“புறம்போக்குன்னா வெளியில போனவங்களா அக்கா? நாங்க எங்கயும் போகலையே.”

தஞ்சாவூரை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஊராகக் கட்டுவதற்காக, எழில்மொழி வாய்க்கால் கரையில் லேசர் கருவியோடு அளந்துகொண்டிருந்த நாளில், கரை வீடுகளுக்கு அவள் குறித்த வகையை எட்டிப் படித்துவிட்டு ஆர்த்தி என்ற சிறுமி இப்படிக் கேட்டாள். அது நிலத்தின் வகை, ஆளைச் சொல்வதில்லை என்று எழில்மொழி சிரித்துச் சமாளித்தாள். அன்றைக்கு வெயிலில் தலைசுற்றி விழுந்தவளை, ஆர்த்தியின் அம்மா ஜீவிதாதான் வீட்டுக்குள் தாங்கிக்கொண்டு போய் ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தாள். பானையில் இருந்ததே அவ்வளவுதான் என்பது கை கழுவும்போதுதான் தெரிந்தது. சோறு இட்ட கை அதை மறந்துவிடும்; உண்ட வயிறு மறக்கக் கூடாது.

இப்போது ஐப்பசி மழை இறங்குகிற சாயங்காலம். மறுநாள் இந்த இரட்டை ஊரைத் திரையில் காட்டி மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். அதில் எது தெரிகிறதோ அதற்குத்தான் ரோடும் குடிதண்ணீரும். கரையிலுள்ள ஏழு வீடுகளையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார் குழுத்தலைவர் மனோகரன். புறம்போக்கில் இருப்பதைக் காட்டினால் நாமே அங்கீகரித்த மாதிரி ஆகிவிடுமாம். எழில்மொழி வாதாடிப் பார்த்தாள்.

“சோறு போட்டாங்கன்னு பட்டா போட முடியுமாம்மா?” என்று சிரித்துக்கொண்டே அவர் கிளம்பிப் போய்விட்டார்.

அவள் ‘புறம்போக்கு’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

வீடுகள் போயின. அவற்றின் நிழல்கள் போகவில்லை.

மேலிருந்து எடுத்த படத்தில் பதிந்த நிழலாக இருக்கும் என்று நினைத்தாள். திரையில் சூரியனை நகர்த்தும் பட்டையை மேற்கே இழுத்தாள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் கிழக்கே நீண்டது. வீடில்லாத அந்த நிழல்களும் அதோடு சேர்ந்து மெல்லத் திரும்பின.

ஏசி முனகுவதும் ஜன்னல் தகரத்தில் மழை கொட்டுவதும் தவிர அலுவலகத்தில் வேறு சத்தமில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் அடியில், வாய்க்கால் மதகில் தண்ணீர் சுழித்து விழுகிற சத்தமும், நனைந்த வைக்கோலின் வாடையும், யாரோ மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்ட ரசத்தின் வாசனையும் மேசைக்கடியிலிருந்து எழும்பி, வெள்ளம் ஏறுவதுபோல் அவள் முழங்கால் வரைக்கும் வந்து நின்றன.

ஜீவிதாவுக்குப் போன் செய்தாள். அப்படியொரு எண்ணே இல்லை என்றது பதிவுக் குரல். வாய்க்கால் பாலத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜெகபர் அலியை அழைத்தாள்.

“பாய், கரையில ஜீவிதா அக்கா வீட்டுல ஆள் இருக்காங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

“எந்த ஜீவிதா? இந்தக் கரையில எப்பம்மா வீடு இருந்துச்சு? நாணல்தானே மண்டிக் கெடக்கு.”

நேற்றுவரை அந்த வீடுகளுக்கு டீ கொடுத்தனுப்பிய மனிதர்.

திரையில், ஒரு வீட்டு நிழலின் வாசலில் சின்னதாக இன்னொரு நிழல். இரட்டை ஊரில் ஆட்களே கிடையாது. கட்டடங்களை மட்டும்தான் அளந்தார்கள். அந்தச் சின்னத் தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்தது. அதன் ஓரங்கள் கரைய ஆரம்பித்தன.

“பெருவுடையாரே...”

அளந்த மூலப் பதிவிலிருந்து வீடுகளைத் திரும்ப இறக்கினாள். நிற்கவில்லை. இறக்க இறக்க மறைந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘புறம்போக்கு’ என்ற அந்தச் சொல் ஒட்டியிருந்தது. முதல் வீட்டில் அதை அடித்துவிட்டு ‘குடியிருப்பு’ என்று எழுதினாள். வீடு நின்றது.

அந்தச் சொல் போகவில்லை. தெருக்களின் மேல் ஊர்ந்துபோய், ஊரின் மறுகோடியில் ஒரு மாடியில்லாத வீட்டின் மேல் உட்கார்ந்தது. எழில்மொழியின் வீடு. அறுவடைக் கூலியான அவள் அப்பா நடையாய் நடந்து பட்டா வாங்கிய மனை. அப்பாவும் அம்மாவும் போனபின் அவள் ஒருத்தி மட்டும் இருக்கும் வீடு. அதன் முன்சுவர் காணாமல் போயிருந்தது.

விட்டுவிட்டு எழுந்து போகலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பதற்கு யாருக்கும் நினைவே இல்லை.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எடுத்துக்க,” என்றாள் திரையிடம். “எங்கப்பாவ ஊர் ஊரா வெரட்டின சொல்லுதானே நீ. உனக்குப் பயந்து அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போக மாட்டேன்.”

அடுத்த வீடு நின்றது. அவள் வீட்டுக் கூரை போனது. அடுத்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த கதவு, ஆர்த்தியின் வாசல். அவள் விரல்நுனிகள் மரத்தன. அடுத்தது. ஏசி சத்தம் கேட்கவில்லை. அடுத்தது. மழை கேட்கவில்லை. கை நிற்கவில்லை.

கடைசி வீடு. சேமித்தாள்.

போன் அதிர்ந்தது. ஜீவிதா.

“மிஸ்டு கால் வந்திருந்துச்சு. யாருங்க பேசறது?”

பின்னால் தட்டு வைக்கிற சத்தம். ஆர்த்தி எதற்கோ சிரித்தாள்.

நான்தான் எழில் என்று சொன்னாள். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

“யாரும் பேசலடி. ராங் நம்பர் போலருக்கு. நீ சாப்பிடு.”

இருட்டிவிட்ட ஜன்னல் கண்ணாடியில் அறை தெரிந்தது. மேசை. விளக்கு. திரையில் ஏழு வீடுகள். காலி நாற்காலி.

தரையில் மட்டும், போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் நிழல்.