கேளாத காதுக்கு ஓர் அடைப்பு

2006 ஏப்ரல் மாதம். திங்கட்கிழமை காலை என்றால் டாக்டர் சிவசுப்பிரமணியத்தின் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் நிற்க இடமிருக்காது. காதுக்குள் எறும்பு போனவர், மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்ட பிள்ளை, குச்சியால் குடைந்து குடைந்து நல்ல காதையும் கெடுத்துக்கொண்ட மகராசன் என்று வரிசை படியிறங்கி ரோட்டுக்கு வந்துவிடும். அங்கே செவித்திறன் சோதிக்கும் சித்ராதேவி, வரிசை தாண்ட யாரையும் விடுகிறவள் அல்ல. அன்று ராமுத்தாயை மட்டும் விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு டோக்கன் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"என் தம்பி முனீஸு நேத்து செத்துப்போனான் சார்," என்றாள் ராமுத்தாய் நின்றபடியே. "ஒங்ககிட்டதான் காதுக்குப் பாத்தான்."

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கம்மா. மொதல்ல தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அக்காவும் தம்பியும் அவர்கள். அக்காவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தம்பி பெருமாநல்லூரில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளிலும் அவசர ஆர்டருக்காக ஒரே ஒரு மெஷின் ஓடியிருக்கிறது. மத்தியானம் முனீஸ் அந்த மெஷினுக்குக் கீழே, துணி சுருட்டும் ரோலரில் தோளில் கிடந்த துண்டு சிக்கி, கழுத்து இறுகிக் கிடந்தான். குடித்துவிட்டு மெஷினடியில் மட்டையானதால் எழுந்திருக்க முடியவில்லை என்பது கம்பெனியின் கதை.

"மூணு மணிக்குப் பொணத்தக் குடுத்துருவாகளாம். வேனும் பேசியாச்சு. 'குடிச்சிட்டு வேலை பாத்தான், கம்பெனி மேல தப்பில்ல'ன்னு எழுதி ஒரு தாளு குடுத்துருக்காக. அதுல நான் கையெழுத்துப் போடணுமாம்." மடித்த தாளை அவள் கையிலேயே வைத்திருந்தாள். "எங்கப்பன் குடிச்சே செத்தாரு சார். அதப் பாத்து வளந்த பய, ஒரு சொட்டு தொடமாட்டான். ஊருக்குக் கொண்டுபோயி எரிச்சிட்டா எல்லாம் முடிஞ்சிரும். குடிகாரன்னு பேரு வெச்சு எரிக்கச் சொல்றாக."

"நீங்க அவனைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சட்டையெல்லாம் பிராந்தி நாத்தம். ரெண்டு காதுலயும் ஆரஞ்சு கலர்ல ரப்பர் கணக்கா என்னமோ அடச்சிருந்துச்சு. மெஷின் சத்தத்துக்குக் கம்பெனி குடுக்குறதாம். நாங்க எல்லாப் பாதுகாப்பும் செஞ்சுதான் வெச்சிருந்தோம்னு சின்ன மொதலாளி தரணீதரன் சொன்னாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டு காதுலயுமா?"

"ஆமா சார்."

சித்ராதேவிக்கு உத்தரவு வேண்டியிருக்கவில்லை. அலமாரியிலிருந்து முனீஸின் அட்டையை உருவிக்கொண்டு வந்து படித்தாள். எட்டு மாதம் முன்பு அவன் வந்திருந்தான். இடது செவிப்பறை கிழிந்திருக்கிறது. உட்புற எலும்புகள் விலகியிருக்கின்றன. அந்தக் காதில் கேட்கும் திறன் அறவே இல்லை. சீழ் வடிவதால் பஞ்சுகூட வைக்கக் கூடாது. வலது காது நன்றாக இருக்கிறது. காரணம், பைக்கிலிருந்து விழுந்தது. கூட வந்தவர், மேனேஜர் பெருமாள்சாமி. அட்டையின் அடியில் சித்ராதேவியின் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: 'முதலாளிக்குச் சொல்ல வேண்டாம்.'

அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. முனீஸ் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். மெஷினில் ஊசி உடைந்தால் சத்தம் மாறும், அதைக் கேட்டு நிறுத்தத் தெரியாதவனுக்கு ஆபரேட்டர் வேலை கிடையாது, ஒரு காது போனது முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றான். டாக்டர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

"சித்ரா, இன்னிக்கு டோக்கன் போதும் கண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு," என்றார்.

பிணவறையில் பணியிலிருந்த இளம் டாக்டர், சிவசுப்பிரமணியத்திடம் பாடம் படித்தவர். பரிசோதனையை அப்போதுதான் தொடங்கப்போவதாகச் சொல்லி அவரையும் பக்கத்தில் நிற்க விட்டார். சித்ராதேவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். காதில் சோதனை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'சத்தமே வரலையேக்கா' என்று சிரித்தவன் இப்படிக் கிடப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

"கழுத்தைப் பாரு," என்றார் டாக்டர். "ரோலர் முழங்கால் உசரத்துல இருக்கும். மெஷினைப் பாத்துக் கிடக்கிறவன் துண்டை அது முன்னால, கீழ இழுக்கும். அப்படி இழுத்தா பிடரியிலதான் தடம் ஆழமா விழுகணும். இங்க பிடரியில லேசா இருக்குது. குரல்வளை மேலதான் ஆழம். துண்டு குறுக்கே மாறுன எடம் இடது காதுக்குப் பின்னால இருக்குது."

"பின்னாலிருந்து இழுத்திருக்காங்க சார்!"

"இடது பக்கமாப் பின்னாலிருந்து. நாக்குக்கு அடியில லாடமாட்டம் ஒரு எலும்பு, வேற எந்த எலும்போடயும் சேராம தனியா நிக்கும். அது ஒடிஞ்சிருக்குது. மெதுவா ஓடுற ரோலர் அதை ஒடிக்காதுங்க. மனுசன் கை ஒடிக்கும்."

இளம் டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். வயிற்றில் சாராய வாடை இல்லை, பிராந்தி சட்டையோடு சரி. வலது கை நகக்கண்களில் ரத்தம் உறைந்திருந்தது. அவனுடைய உடம்பில் அதற்கேற்ற கீறல் ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் சந்தன நிறத்தில் ஒரு நூல் உருண்டை கிடந்தது. ஒன்றே ஒன்று. காதழுக்குப் பட்டுப் பிசுபிசுத்திருந்தது.

டாக்டர் இடது காதிலிருந்த ஆரஞ்சு அடைப்பை இடுக்கியால் எடுத்தார். அதன் பின்னாலேயே சீழ் வந்தது.

"சத்தத்துக்குப் பயந்து செவிட்டுக் காதை அடைக்கிற முட்டாள் இல்ல இவன்," என்றார். "பெருமாநல்லூருக்குப் போலாம். எஸ்.ஐ.யையும் வரச் சொல்லு. மூணு மணிக்கு முன்னால முடிச்சாகணும்."

கம்பெனிக்குள் நுழைந்ததும் சித்ராதேவி அப்படியே நின்றுவிட்டாள். சாவு விழுந்து ஒரு நாள் ஆகவில்லை. மெஷினுக்கு எதிரே எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் பூசணிக்காயை உடைத்துவிட்டு, அதே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆர்டர், அதே சந்தன நிறத் துணி. முனீஸின் அறைத்தோழன் இசக்கிமுத்து அழுத கண்ணோடு அதன் முன்னால் நின்றான். அவனுடைய இரண்டு காதிலும் சந்தன நிற நூல் உருண்டை இருந்தது.

"கம்பெனி குடுக்குற ஆரஞ்சு அடைப்பு எங்க?" என்று சித்ராதேவி அவனிடம் கேட்டாள்.

"அதா? துணி வாங்குற வெள்ளக்காரப் பையர் சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் தருவாவ. அவரு காரு கேட்டத் தாண்டுனதும் திரும்ப வாங்கி ஆபீஸ் பீரோவுல வச்சிருவாவ. மத்த நாளு, ஓடுற கோன்லருந்து ஒரு கிள்ளு நூலைக் கிள்ளி அடச்சுக்க வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள் முனீஸைத் தவிர மூன்றே பேர். துணி மடிக்க வந்த இசக்கிமுத்து, ஆபீசில் இருந்த பெருமாள்சாமி, சாம்பிள் பார்க்க வந்த தரணீதரன். மூவரையும் டாக்டர் மெஷின் பக்கம் வரச் சொன்னார். எஸ்.ஐ. சலிப்போடு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ராமுத்தாய் கோன் பெட்டிகளின் ஓரமாக நின்றாள். தரணீதரனுக்கு முப்பது வயதிருக்கும். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தான்.

டாக்டர் கழுத்துத் தடத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவன் சிரித்தான்.

"சரிங்க டாக்டர், கொலைன்னே வெச்சுக்குங்க. சனிக்கெழமை இந்த இசக்கிமுத்துவும் அவனும் சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க. கம்பெனியே வேடிக்கை பாத்துச்சு. எங்கிருந்தோ வர்றானுங்க, ஒருத்தனையொருத்தன் வெட்டிக்கிறானுங்க. நாங்க என்ன பண்றதுங்க?"

"தண்ணி புடிக்கிற தகராறு சார்! ராத்திரியே பேசிட்டோம்!" இசக்கிமுத்துவின் குரல் உடைந்தது. எஸ்.ஐ.யின் பார்வை அவன்மீது போய் நின்றுவிட்டது. இளைத்தவனைக் கண்டால் எல்லோருக்கும் வேலை சுலபம். சித்ராதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு சின்னக் காரியம் செய்யலாம்," என்றார் டாக்டர். "சித்ரா, நீ முனீஸாட்டம் மெஷினைப் பாத்து நில்லு. நீங்க மூணு பேரும் ஒவ்வொருத்தரா வாசல்லருந்து வந்து, வழக்கமா முனீஸ்கிட்டச் சொல்ற மாதிரி 'மெஷினை நிறுத்து'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதானுங்க."

வாசல் மெஷினுக்கு இடப்பக்கம் இருந்தது. முதலில் இசக்கிமுத்து வந்தான். சித்ராதேவியின் முதுகுப்பக்கமாகச் சுற்றிப்போய், அவளுடைய வலது தோளைத் தொட்டுச் சொன்னான். பெருமாள்சாமியும் அதே போல் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். தரணீதரன் நேராக வந்தான். இடது காதருகே நின்று, "மெஷினை நிறுத்துடா!" என்று கத்தினான். இசக்கிமுத்து பதறிப்போய் சுவிட்சை அணைக்க, மெஷினும் நின்றது.

அந்த அமைதியில் டாக்டர் பேசினார்.

"முனீசுக்கு இடது காது செத்து எட்டு மாசமாச்சு. ரூம்ல அவன் காதுக்கு மருந்து ஊத்துன இசக்கிமுத்துவுக்கு அது தெரியும். என்கிட்டக் கூட்டிட்டு வந்த பெருமாள்சாமிக்கும் தெரியும். அதான் ரெண்டு பேரும் பழக்கதோசத்துல சுத்திப் போனாங்க. கொன்னவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சீழ் வடியுற காதுல அடைப்பைத் திணிச்சிருக்க மாட்டான். தெனமும் இங்க நிக்கிற ஆளா இருந்தா நூலைக் கிள்ளி வெச்சிருப்பான். இவன் பீரோவுக்குப் போனான். செத்தவன் கழுத்து சூடு ஆறுமுன்னாலயே, அதிகாரி வந்து கேட்டா கம்பெனி பேரு கெடக் கூடாதுங்கற நெனப்பு வந்திருக்குது பாருங்க."

அவர் தரணீதரன் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் சட்டைக் கையைத் தூக்குங்க தம்பி," என்றார் டாக்டர்.

தரணீதரன் அசையவில்லை. எஸ்.ஐ.தான் பட்டனைக் கழற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நான்கு கோடுகள் காய்ந்து கிடந்தன.

"மூணு வாட்டி கூப்புட்டேன்!" தரணீதரன் கத்தினான். "வாசல்லருந்தே கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. பக்கத்துல வந்து கூப்புட்டேன். அப்பவும் திமிரா முதுகக் காட்டிட்டு நிக்கிறான். எங்க சோத்தத் தின்னுட்டு எனக்கே மதிப்பில்லைன்னா? துண்டப் புடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான். திரும்பியிருந்தா விட்டிருப்பேன்!"

"வலது காதுல நூல், இடது காதுல சாவு. எப்படித் திரும்புவான்?" டாக்டரின் குரல் உயரவில்லை. "நீங்க துண்டைப் புடிச்சப்பறம்தான் உங்களைப் பாத்திருக்கான். முதலாளி பேச வந்திருக்காருன்னு, காதுல இருந்த நூலை எடுத்துப் பைல போட்டிருக்கான். மரியாதைக்கு. நீங்க எடுத்திருந்தா கீழ வீசியிருப்பீங்க. அப்பவும் நீங்க விடல." பிறகு பெருமாள்சாமியின் பக்கம் திரும்பினார். "காதுக்குழாய் ஒரு அங்குலம். அந்தக் கோடியில வெங்காயத் தோலாட்டம் ஒரு பறை. பைக்ல விழுந்தா அது அப்படிக் கிழியாதுங்க. உள்ளங்கையைக் குழிச்சு அறைஞ்சா, காத்து உள்ள மாட்டிக் கிழிக்கும். எதிர நின்னு வலது கையால அறைஞ்சா இடது காதுலதான் விழுகும். அறைஞ்சது யாருங்க?"

பெருமாள்சாமி தரையைப் பார்த்தபடி அழுதார். "சின்னவர்தான் சார். துணியில ஓட்ட விழுந்துருச்சுன்னு ஒரு அறை. அன்னைக்கே ரத்தம் வந்துச்சு. காது போனது இவருக்குத் தெரியாது. அடிச்சிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு."

தரணீதரன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். தான் அடித்துச் செவிடாக்கியவனை, கூப்பிட்டதைக் கேட்கவில்லை என்று அவனே கொன்றிருக்கிறான். அதற்காக அவன் வருந்தியதாகச் சித்ராதேவிக்குத் தெரியவில்லை. "அப்பாவுக்குப் போன் பண்ணணும்," என்றுதான் சொன்னான். எஸ்.ஐ. அவனை ஜீப்புக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மணி இரண்டே முக்கால். கேட்டுக்கு வெளியே ராமுத்தாய் டாக்டரின் காலில் விழப்போனாள். அவர் தடுத்துவிட்டார்.

"குடிகாரன்னு பேரு இல்லாமப் போறான். அது போதும் சார்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தவள் ஏதோ யோசித்து நின்றாள். "ஒண்ணு கேக்கணும். அவன் காது கேக்காதுன்னு அந்த ஆளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்கம்மா."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதானுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார், நீங்க."

அவள் குற்றம் சாட்டவில்லை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவளைப் போலச் சாதாரணமாகத்தான் கேட்டாள். சித்ராதேவி கையிலிருந்த அட்டையை மெல்லத் திருப்பி, தான் எழுதிய வரி தெரியாதபடி மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ மெஷினை மறுபடியும் ஓட்டிவிட்டார்கள். ராமுத்தாய் கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.