ஏழு வரிசை வெளிச்சம்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை வாலு இரண்டு முறை மனதுக்குள் படித்தாள். மூன்றாவது முறை சத்தமாகப் படித்தாள்.

“படிக்கட்டுச் சுவரில் உள்ள துளைகள் யாவும் வரும் திங்கட்கிழமை சிமெண்டு வைத்து அடைக்கப்படும். இப்படிக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளர்.”

“எந்தத் துளை, அக்கா?” என்று கேட்டான் தம்பி.

“நம்ம துளைதான்டா. எல்லாத்தையும் அடைக்கப் போறாங்களாம்.”

தம்பி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வாலு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் உண்மையான பெயர் அவள் அம்மாவுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. அதுவும் கோபம் வரும்போது மட்டும். வாலுவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை மிகக் குறைவு. முகங்கள் தெரியாது, எழுத்துகள் தெரியாது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

படிக்கட்டின் மேற்குச் சுவரில் மாடிக்கு மாடி ஏழு வரிசையாகச் சதுரத் துளைகள் இருந்தன. மாலையில் பள்ளி விட்டு அவர்கள் வரும்போது, வெயில் அந்தத் துளைகள் வழியாகச் சாய்ந்து உள்ளே விழும். கால் வைக்கும் இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். படியின் முகப்பு நிழலில் கறுத்திருக்கும்.

“வெள்ளையில கால், கறுப்புல இல்ல. வெள்ளையில கால், கறுப்புல இல்ல” என்று முணுமுணுத்தபடி தம்பி தானாகவே ஏறிவிடுவான். எழுபத்திரண்டு படி! ஒரு நாளில் யாருடைய கையையும் பிடிக்காமல் அவன் செய்யும் ஒரே வேலை அதுதான்.

கட்டடத்தின் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருந்தது. சுற்றிலும் சுவர், மேலே டியூப் லைட். அங்கே எல்லாப் படியும் ஒரே சாம்பல் நிறம். அதில் தம்பி முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவான்.

‘முன்பக்கமும் அப்படி ஆயிடுமே’ என்று நினைத்தாள் வாலு.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக் கேமரா அவளிடம் இருந்தது. புகைப்பட வகுப்பில் ஆளுக்கு ஒரு வாரம் முறை வரும். ‘கட்டடத்தில் வெளிச்சமும் நிழலும்’ என்பதுதான் தலைப்பு. கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் மணிக்கூண்டையும் பாலத்தையும் எடுத்து முடித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை வாலு படிக்கட்டை எடுத்தாள். கீழே படுத்துக்கொண்டு ஒன்று. மேலே கைப்பிடியில் சாய்ந்து ஒன்று. தம்பி காலைத் தூக்கி வெள்ளைச் சதுரத்தில் வைக்கும் நேரத்தில் ஒன்று.

“எனக்குக் காட்டு” என்றான் தம்பி. கேமராவை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டான். வழக்கமாக எந்தப் படத்தைக் காட்டினாலும் “ம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவான். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

“அக்கா! இது நம்ம படி! இந்தா, துளை… இது என் காலா?”

“ஆமாடா!” என்று வாலு கத்திய கத்தலில் மூன்றாம் மாடிக் கதவு திறந்து மூடியது.

மறுநாள் அந்தப் படங்கள் இருந்த கேமராவை எடுத்துக்கொண்டு செயலாளர் மாமா வீட்டுக்கு அவள் போனாள். முதல் மாடி வீடு. இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். போன வாரம் பெய்த மழையில், படி திரும்பும் இடத்தில் தண்ணீர் தேங்கி, அதில் வழுக்கி விழுந்தவர் அவர்தான்.

வாலு படங்களைக் காட்டி, தம்பி எப்படிப் படி ஏறுகிறான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“படம் நல்லாத்தான் இருக்கு. உன் தம்பியை நினைச்சாலும் பாவமாத்தான் இருக்கு” என்றார் மாமா. “ஆனா என் இடுப்பைக் கேட்டுப் பாரு, அது வேற கதை சொல்லும். தண்ணி எது வழியா வருது?”

“துளை வழியாத்தான்.”

“அப்ப துளையை அடைக்கணுமா, வேண்டாமா? நாளைக்கு உன் தம்பியே வழுக்கி விழுந்தா?”

வாலு கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் பெண்ணுக்கு அப்படிக் கிளம்புவது பெரிய அவமானமாக இருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது. தம்பியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, வாலு கேமராவோடு படிக்கட்டுக்கு ஓடினாள். தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட அவள் முடிவு செய்திருந்தாள்.

இரண்டாம் மாடித் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். “மழையில சுவரையா போட்டோ எடுக்குற? நாங்கல்லாம் உனக்கு ஆளாத் தெரியலையா?” என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சுவர் முன்னால் வந்து நின்றார்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஈரத்தை மறைக்கிறீங்க.”

“ஈரத்துக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல!” என்று அக்கா நகர்ந்துகொண்டார்.

நேரில் பார்த்தால் சுவரில் ஒன்றும் புரியவில்லை. பழைய பச்சைப் பெயிண்ட், அதன் மேல் மஞ்சள் திட்டுகள், கைபட்ட அழுக்கு. எது ஈரம், எது கறை என்று தெரியவில்லை. ஆனால் கேமராத் திரையில் நிறங்கள் போனதும் ஈரம் மட்டும் மைக் கறுப்பாகத் தெரிந்தது. கறுப்புக் கோடுகள் நாக்கு நாக்காகச் சுவரில் இறங்கித் தரைக்கு ஓடின.

வாலு ஒவ்வொரு கோட்டையும் விரலால் மேல்நோக்கித் தொடர்ந்து போனாள். எல்லாக் கோடுகளும் கீழ் இரண்டு வரிசைத் துளைகளில் தொடங்கின. மேலே இருந்த ஐந்து வரிசைகளுக்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை.

ஏன்? துளை வழியாகக் கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். மேல் வரிசைகளுக்கு மேலே சன்ஷேடு நீண்டிருந்தது. அங்கே கை நனையவில்லை. கீழ் வரிசையில் நீட்டினாள். சட்டைக் கையோடு நனைந்தது.

ஐந்து மாடியிலும் ஓடி ஓடிப் படம் எடுத்தாள். எல்லா மாடியிலும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை புகைப்பட வகுப்பு ஆசிரியை அந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மறுநாள் வேலையைப் பார்த்துக்கொள்ளக் கொத்தனாரும் வந்திருந்தார். வாலுவின் அம்மா செருப்புக் கடை வேலையிலிருந்து அரை நாள் அனுமதி கேட்டு வந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார் செயலாளர் மாமா.

“எனக்குச் சம்மதம் இல்ல மாமா” என்று வாலு எழுந்தாள். தூணில் படங்களை வரிசையாக ஒட்டினாள்.

“கறுப்பா இருக்கிறதெல்லாம் ஈரம். எங்கேருந்து தொடங்குதுன்னு பாருங்க. கீழ் ரெண்டு வரிசை மட்டும்தான். மேல் அஞ்சு வரிசையில ஒரு சொட்டுத் தண்ணி வரல. அதனால கீழ் ரெண்டை மட்டும் கண்ணாடி வச்சு மூடினாப் போதும். தண்ணியும் வராது, வெளிச்சமும் போகாது.”

“படம் எதை வேணும்னாலும் காட்டும்மா” என்றார் ஒருவர்.

“அப்ப சுவரைப் பாருங்க!”

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். கொத்தனாரும் இன்னும் நாலைந்து பேரும் பின்னால் வந்தார்கள். முதல் திருப்பத்தில் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கீழ் வரிசையின் கீழே விரலை வைத்தார். பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. மேல் வரிசையின் கீழே வைத்தார். விரலில் தூசிதான் ஒட்டியது.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

“மாமா, கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

தம்பி அம்மா மடியிலிருந்து இறங்கி வந்து, படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தான். மாமாவின் நிழல் அவன் முன்னால் மூன்று படிகளை மூடியிருந்தது.

மாமா குனிந்து தன் நிழலைப் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டார். மூன்று படிகளிலும் வெள்ளைச் சதுரங்கள் பளிச்சென்று திரும்பி வந்தன. தம்பி அவற்றில் கால் வைத்து, அவரைத் தாண்டி, விறுவிறுவென்று மேலே போனான்.

“என்னப்பா, கண்ணாடி வைக்க முடியுமா?” என்றார் மாமா கொத்தனாரிடம்.

“எல்லாத்தையும் சிமெண்டு வச்சு அடைக்கிறதைவிட இது பாதி வேலைதான் சார். பாப்பா சரியாத்தான் சொல்லுது.”

“பாப்பா இல்ல, வாலு” என்று திருத்தினார் தையல்கார அக்கா.

மாமா கீழே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினார். “துளையை அடைக்கிறதா இல்ல. கீழ் ரெண்டு வரிசைக்குக் கண்ணாடி. சம்மதமானவங்க கை தூக்குங்க.” கேட்டுவிட்டு, முதல் ஆளாகத் தன் கையைத் தூக்கினார். இடுப்பு வலித்தபோதும் இறக்கவில்லை.

கீழே அம்மா இரண்டு கையையும் தூக்கியிருந்தார். “ஒரு வீட்டுக்கு ஒரு கைதாம்மா!” என்று யாரோ சொல்ல, கட்டடமே சிரித்தது.

“தம்பி எங்கே?” என்றாள் வாலு திடீரென்று.

நான்காவது மாடி வரை ஓடினாள். வீட்டு வாசலில் அவன் இல்லை. கீழே நின்றவர்களும் பதறிப்போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவன் தன் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். இதுவரை ஒரு நாளும் ஏறியிராத ஐந்தாவது மாடிப் படிகளில், வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் பார்த்து, கையை வீசிக்கொண்டு ஏறினான். வாலு கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் போகாமல் அங்கேயே நின்றாள்.

கடைசிப் படியில் ஏறி நின்று, தம்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“தொண்ணூறு! அக்கா, நான் உச்சிக்கு வந்துட்டேன்!”

கீழேயிருந்து எழுந்த கைதட்டல் அத்தனை துளைகள் வழியாகவும் தெருவுக்குக் கேட்டது.