கசக்காத மருந்து

"கொன்னுட்டாளே...! எம் புருசனைக் கொன்னுட்டாளே...!"

மரகதத்தின் அலறல் அந்த ஓலைக் கொட்டகை ஆஸ்பத்திரியையே உலுக்கியது.

1972. கார் நிக்கோபாருக்கும் தெற்கே, பதினைந்து நாளைக்கு ஒருமுறை மட்டும் கப்பல் எட்டிப் பார்க்கும் ஒரு தீவு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களை, ரப்பர் நடுவதற்காகக் குடியேற்றியிருந்த காலனி.

காலை ஏழு மணி.

கட்டிலில் மரகதத்தின் புருஷன் உதயசூரியன். உயிர் இல்லை!

பக்கத்தில், கையில் சிரிஞ்சோடு ரீத்தா.

இருபத்து மூன்று வயது. தூத்துக்குடியில் நர்ஸ். அந்தமானில் தொண்டு செய்ய ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சாப்பாடும் கப்பல் டிக்கெட்டும் உண்டு என்று பங்குக் கோயிலில் அறிவித்தார்கள். மூன்று மாதம்தானே என்று பேர் கொடுத்துவிட்டாள்.

விடிந்ததும் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைப்பாள். பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைப்பாள். மலேரியா மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறார்களா என்று வாய் வாயாகப் பார்ப்பாள். மத்தியானம், அட்டை கடிக்கக் கடிக்க வீடு வீடாக நடப்பாள்.

எழுபத்தொரு நாள் முடிந்திருந்தது. ஒரு சாவு விழவில்லை.

இன்றைக்கு விழுந்துவிட்டது!

"அக்கா... நிமோனியாக்கா. நாலு நாளா பெனிசிலின் போட்டேன். ஏன் கேக்கலைன்னு எனக்கே தெரியலக்கா..."

"அக்கான்னு சொல்லாத! நீ ஊசி போட வந்தியா, உசிரெடுக்க வந்தியா?"

ரீத்தா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். செல்வம்மாள். பிள்ளை பெற்று ஆறு நாள். ஜுரம் நூற்றி நாலு. அவளுக்கும் அதே பெனிசிலின்தான். அவளுக்கும் இறங்கவில்லை...

சட்டென்று ஒரு புது பாட்டிலை எடுத்தாள். மூடியின் தகரம், யாரோ முன்பே திறந்து மூடிய மாதிரி, லேசாகச் சுழன்றது. பிரித்தாள். பொடியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

இனித்தது!

பெனிசிலின் கசக்கும். இது... குளுக்கோஸ்!

"என்ன செய்றே அங்கே?"

வாசலில் கம்பவுண்டர் சொக்கலிங்கம். எப்போதும் சிடுசிடுப்பு. மருந்து அலமாரியின் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும்.

"ஒ... ஒன்னுமில்லண்ணே!"

சாவி இவனிடம். அப்படியென்றால் இவன்தான்!

ரீத்தா ஓடினாள். காலனி சூப்பர்வைசர் பக்தவத்சலத்தின் வீட்டுக்கு. அந்தத் தீவில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரே மனிதர்.

"சார்... மருந்தை யாரோ மாத்திட்டாங்க! பாட்டில்ல வேற என்னமோ பொடி இருக்கு. சொக்கலிங்கம் அண்ணன்தான்னு நெனைக்கேன்."

"பதறாதே. வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. இன்னிக்குக் கப்பல் வருது, நீ ஏறிடு. ஜனங்க கொலைவெறியில நிக்குது."

"செல்வம்மா செத்துருவா சார்! போட்டதெல்லாம் வீணாப் போச்சே!"

"குளுக்கோஸ் ஏத்தினா யாரும் சாக மாட்டாங்க, தங்கச்சி. அது வியாதி..."

நிறுத்தினார்.

குளுக்கோஸ்...!

அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை!

பக்தவத்சலம் எழுந்து கதவைச் சாத்தினார். முகத்தில் அதே சிரிப்பு.

"உன் கவனக்குறைவால சாவுன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. வாயை மூடிக்கிட்டு ஊருக்குப் போனா, அதைக் கடல்ல போட்டுடறேன். திறந்தா ஜெயில். இங்கே உனக்கு யாரு சாட்சி?"

யாரும் இல்லை.

மத்தியானம். தூரத்தில் கப்பல். கரையில் படகு. இருநூறு பேர்.

எங்கிருந்தோ பறந்து வந்த கல், ரீத்தாவின் நெற்றியைக் கிழித்தது. முன்னால் பக்தவத்சலம், பின்னால் ஒரு கூலியாள் தலையில் அவருடைய தகரப் பெட்டி. ரீத்தா பேருக்கு மட்டும் பாஸ் போட்டுவிட்டு, தனக்குப் போடாமலே அவரும் திடீரென்று கப்பலேறுகிறாராம்.

படகில் ஏறினால் அவள் பிழைப்பாள். செல்வம்மாள் சாவாள்.

முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பினாள்.

"மரகதக்கா! நான் போட்டது மருந்தே இல்ல, குளுக்கோஸ்! நல்ல மருந்து, விக்கறதுக்காக இந்தாளு பெட்டியில கப்பலேறப் போவுது! என்னைப் பொறவு கொல்லுங்க... மொதல்ல அந்தப் பெட்டியைத் தெறங்க!"

மரகதம் அவளை வெறித்தாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டாள். ஒரே கல். பூட்டு தெறித்தது.

வேட்டி... சட்டை... சோப்பு டப்பா...

அவ்வளவுதான்! ஒரு பாட்டில்கூட இல்லை!

"பாத்தீங்களா? கொன்னதுமில்லாம என் மேல பழி வேற!" பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்தார்.

மரகதத்தின் கை ரீத்தாவின் கூந்தலைச் சுற்றி வளைத்தது. ரீத்தா விலக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

'செல்வம்மா... என்னை மன்னிச்சிரு...'

"விடுங்க அவளை...!"

சொக்கலிங்கம்! தோளில் ஓர் அரிசி டின்னோடு, மூச்சு இரைக்க ஓடி வந்தான். டின்னை மணலில் கவிழ்த்தான்.

அரிசி கொட்டியது. அரிசிக்குள்ளிருந்து... பாட்டில்கள்! முப்பது, நாற்பது!

"சூப்பர்வைசர் வீட்டு டின்! கதவை உடைச்சு எடுத்தேன்!"

"அண்ணே... நான் உங்களைத்தான்..."

"சந்தேகப்பட்டே. தெரியும்மா. நீ நாக்குல வச்சதைப் பாத்தேன். நீ போனதும் நானும் வச்சுப் பாத்தேன். என் அலமாரிக்கு வர்றதுக்கு முன்னால மருந்துப் பெட்டி பிரியற இடம் இந்தாள் வீடு ஒன்னுதான். செல்வம்மாளுக்கு நல்ல ஊசி ஒன்னு போட்டுட்டுத்தான் வர்றேன்."

மரகதத்தின் விரல்கள் கூந்தலை விட்டன. அதே கை, பக்தவத்சலத்தின் கன்னத்தில் இடியாக இறங்கியது!

பிறகு அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போ புள்ள... அந்தப் பொண்ணையாவது காப்பாத்து."

ரீத்தா ஓடினாள். நெற்றி ரத்தத்தைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

செல்வம்மாளின் ஜுரம் இறங்க மூன்று நாள் பிடித்தது. ஆனால் இறங்கியது.

அந்த மத்தியானம் கரையில் வேறு தகராறு. பக்தவத்சலத்தை அவருடைய வேட்டியாலேயே கட்டிப் படகில் தள்ளியிருந்தார்கள். படகோடு வந்திருந்த கப்பல்காரர் பயணப் பாஸைப் புரட்டிப் பார்த்தார்.

"அரே பாய்! ஒரு பாஸ்தான் இருக்கு, அதுவும் ரீத்தான்னு லேடீஸ் பேர்ல! போர்ட் பிளேர் போலீஸ்கிட்ட இந்த ஆளை என்னன்னு சொல்லி இறக்கறது?"

சொக்கலிங்கம் வேட்டி முடிச்சை இன்னொரு இழுப்பு இறுக்கினான்.

"மருந்தையே மாத்தின மனுஷன் சார்... பேரை மாத்திக்க மாட்டாரா?"