பாதிக்குக் கேட்டவன்

பகடை உருண்ட சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது.

திரைச்சீலைக் கடைக்காரன் ரிமோட்டைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான். அன்று கடை விடுமுறை. முன்பக்கம் ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவனும் டிவியும் மட்டும். மாடியில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் மழை தகரக் கூரையில் ஒரே சீராகப் பெய்ய, புதுத்துணியின் கஞ்சி வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து அறை கனத்துக் கிடந்தது. எதையோ கீழே போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

டிவியில் ஓடியது மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாடும் தொடர். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் குள்ளன், சூனியக்காரி, வில்லாளி என்று வேஷம் எடுத்துக்கொண்டு, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். அது பலித்ததா என்று பகடை தீர்ப்புச் சொல்லும். வாள் கிடையாது, குதிரை கிடையாது, செட்டு கிடையாது, எல்லாம் வாய். முதல் போடாத வியாபாரம் என்று கடைக்காரனுக்கு அதில் தனி மரியாதை.

இன்றைய பாகத்தில் பாலத்தடியில் சுங்கக்காரன் என்றொரு பூதம். கடக்கிறவர்களிடம் சதையாக வரி வாங்கும். குள்ளனின் தாடையைப் பிடித்து, கதவைக் கழற்றுவதுபோல் கழற்றி எறிந்திருந்தது.

"போன வாரந்தான் அந்தத் தாடிய அவ்வளவு நேரம் வர்ணிச்சேன்," என்றான் குள்ளனாக ஆடியவன்.

"தாடி பத்திரமாத்தான் இருக்கு. நீதான் இல்ல," என்றாள் சூனியக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். கதைசொல்லி சிரிக்கவில்லை.

"பூதம் பாலத்த விட்டு ஏறி வருது," என்றார். "மழை. ஒரு தெரு. ஷட்டர் போட்ட கடை ஒண்ணு. உள்ள சுருட்டி நிறுத்தின துணி, ஆளு நிக்கிற மாதிரி வரிசையா. கஞ்சி வாசனை."

"அண்ணே, இது நம்ம கதையிலயே இல்லையே," என்றான் வில்லாளி.

"இப்ப இருக்கு."

கடைக்காரனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கைபேசி ஒட்டுக்கேட்டுத் திரைச்சீலை விளம்பரம் காட்டுகிற காலம்; இதுவும் அப்படி ஏதாவது இருக்கும். பிறகு ஷட்டர் நெளிந்தது. காற்று நெளிக்கிற சத்தமில்லை. வெளியிலிருந்து யாரோ முதுகைச் சாய்த்து, மெல்ல, எடை முழுவதையும் இறக்குகிற சத்தம்.

டிவியை அணைத்தான். படம் போய்த் திரை கறுத்தது. குரல் போகவில்லை.

"உள்ள வந்துடுச்சு," என்றது குரல்.

இறைச்சிக் கடையின் வடிகாலில் வெயில் ஏறினால் வருமே, அந்த நாற்றம். துணிச் சுருள்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஏதோ அவற்றை விலக்கிக்கொண்டு போனது. அவனைத் தாண்டி. மாடிப்படியை நோக்கி.

"மேல கதவ சாத்திக்கோ," என்று கத்தினான்.

"என்னங்க, பட்டப்பகல்லயே பேய்ப்படமா?" மனைவியின் குரல். "பயமாயிருந்தா மேல வாங்க, சட்டைய மடிச்சுக் குடுங்க."

ஓடினான். படியின் அடியில் கால் நின்றுவிட்டது. மரப்படிகள் மேலே, மேலே, ஒவ்வொன்றாக அழுந்தின. படியில் யாரும் இல்லை.

டிவித் திரை தானாக வெளிச்சமானது. கதைசொல்லி நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்திருந்தார்கள்.

"சுங்கக்காரன் அந்தப் பொம்பளைய முழுசா கேக்குது. என்ன சொல்றீங்க, கடைக்காரரே?"

கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்னை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மொத்த வியாபாரிகளிடம் காலமெல்லாம் சரக்கெடுத்த நாக்கு அது. எவன் எதைக் கேட்டாலும், மனசு காதில் வாங்குமுன் அது முந்திக்கொள்ளும்.

"பாதி," என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

"பாதி," என்றார் கதைசொல்லி. "முடிஞ்சது."

"இல்ல. இல்லங்க, நான் பேரத்துக்கு..."

பகடை உருண்டது. மாடியில்.

அலறல் இல்லை. கெட்டித் துணியை இரு கையால் இழுத்துக் கிழிக்கிற ஓசை. நீளமாக. ஈரமாக. நடுவில் எலும்பு முறிய ஒருமுறை தடைபட்டு, மறுபடி. படி வழியே சூடாக ஏதோ வழிந்து வந்து அவன் கால்விரல்களுக்கிடையே புகுந்தது.

பிறகு மழை மட்டும்.

பிறகு படியில் ஒரு கால். தத்தி. தத்தி. கைப்பிடியை ஒரு கை இறுகப் பற்றி இறங்கியது.

படியின் திருப்பத்தில் அவள் பக்கவாட்டில் நின்றாள். அதே மூக்குத்தி. அதே காதோர நரை. தோளில் மடித்த சட்டை. ஒரு குறையும் இல்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

மறுபக்கம் இல்லை. நெற்றியிலிருந்து கீழ்வரை அறுத்த நேர்கோடு. அதற்கப்பால் சிவப்பாகச் சுவர் தெரிந்தது. இருந்த பாதி வாய் அசைந்தது.

"என்னங்க, ஏன்..."

மீதியை டிவிக்குள், கதைசொல்லியின் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு பாதி சொன்னது.

"...இப்படிப் பாக்குறீங்க?"